வழக்கு அடுத்த வெள்ளத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது

மெல்கியாதெஸ் பத்தொன்பது வருஷமாக சாந்தா எபிஜேனியா செவிலியர் கல்லூரியின் வாசலில் வாட்ச்மேன். அத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு, கண்ணால் பார்த்ததையெல்லாம் எழுதி வைத்ததுதான்.

வாசல் மேஜைமேல் இருக்கும் நீல அட்டைப் பதிவேட்டை இலோயிலோ நகரத்து வாட்ச்மேன்கள் எல்லாரும் தலையெழுத்தே என்று நிரப்பினார்கள். மெல்கியாதெஸ் மட்டும் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். ‘காலை 6.05. ரொட்டிக்காரர் வந்தார். நாற்பது பன். 9.20. பிஷப் வந்தார். கொட்டாவி விட்டார். 11.00. ஒரு ஆடு உள்ளே வர முயன்றது. அடையாள அட்டை இல்லை. திருப்பி அனுப்பப்பட்டது.’ இப்படி ஒரு வரி விடாமல் எழுதுவார்.

இரவுக் காவலுக்கு வரும் போன்சோ வேறு ரகம். திங்கட்கிழமை வந்ததும் அந்த வாரம் முழுவதற்கும் சேர்த்து ‘விசேஷம் ஒன்றும் இல்லை’ என்று ஏழு தடவை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவான். போன வருஷம் புயலில் கேன்டீன் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்த அன்றைக்கும் போன்சோவின் பக்கத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை.

“ஏன்டா, நாளைக்கு என்ன நடக்கும்னு உனக்கு எப்படிடா இன்னைக்கே தெரியும்?” என்று மெல்கியாதெஸ் சண்டைக்குப் போவார்.

“எது நடந்தாலும் இதைத்தானே எழுதப் போறேன், மனோங்? நீங்களும் எழுதிப் பாருங்க. உடம்புக்கு நல்லது.”

வாய்க்கு வாய் மனோங், அதாவது அண்ணன், என்று கூப்பிட்டாலும் மெல்கியாதெஸுக்கு அவனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஜூலையில் ஒரு நாள் விடியற்காலையில் ஆறு பொங்கி, தெருவில் முழங்கால் தண்ணீர். கடைசி வருஷ மாணவி ரோடலின் பனேஸ் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்பு சளக்சளக்கென்று அடிக்க வந்து சேர்ந்தாள். சீருடையின் வெள்ளை ஷூவை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

“உள்ள வா, இண்டாய். இந்தா துண்டு, காலைத் துடைச்சிக்கோ” என்றார் மெல்கியாதெஸ். மகளைக் கூப்பிடுவதுபோல் மாணவிகளை அவர் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார்.

அவள் துடைத்துக்கொண்டாள். ஷூ மாட்டினாள். டப்பாவைத் திறந்து, அரிசிமாவில் அவித்த இரண்டு புட்டோவில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள். அவர் எழுதினார்: ‘காலை 6.40. ரோடலின் பனேஸ், நான்காம் ஆண்டு. ரப்பர் செருப்பு. வெளியே முழங்கால் வெள்ளம். ஷூ பையில். வாசலில் மாற்றிக்கொண்டாள். அனுமதித்தேன்.’ புட்டோவை எழுதவில்லை. லஞ்சம் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது.

இது நடந்த மாதத்தில் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. மனிலாவில் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் பெரிய வீட்டுப் பையன்கள் மூன்று பேர் ஒரு புது மாணவனை அடித்து ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க, கல்லூரி அதை மூடி மறைத்துவிட்டது. நாடே கொதித்தது. அரசாங்கம் உடனே செயலில் இறங்கி, தனியார் கல்லூரிகள் மாணவர்களின் ஒழுக்கக்கேட்டை எப்படிக் கையாளுகின்றன என்று மேற்பார்வையிட ஊருக்கு ஊர் ஓர் அலுவலகம் திறந்தது. அந்த மூன்று பையன்களும் நன்னடத்தைச் சான்றிதழோடு வேறு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து நன்றாகவே படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் மேற்பார்வையே இல்லையே, யார் என்ன செய்ய முடியும்.

இலோயிலோ மேற்பார்வை அலுவலகத்திலிருந்து செப்டம்பரில் கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் காலாண்டு அறிக்கையில் ஒழுக்கக்கேடு பூஜ்யம் என்று உள்ளது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் படிக்கும் இடத்தில் பூஜ்யம் சாத்தியமில்லை. தாங்கள் மறைப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. பதினைந்து நாளுக்குள் திருத்திய அறிக்கை வராவிட்டால் அங்கீகாரம் மறுபரிசீலிக்கப்படும்.’

மாணவர் நலன் டீன், கபாலும் என்ற பெயர்கொண்ட அம்மாள், அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தாள்.

“மெல்கி, லாக்புக்கைக் கொடு. யாராவது குடிச்சிட்டு வந்தாளா? சண்டை கிண்டை? சுவர் ஏறிக் குதிச்சது?”

“ஒரு ஆடு வந்துச்சு, மேடம்.”

“ஆடு நம்ம மாணவி இல்லையே!” என்று அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். நின்றபடியே நூற்றிருபது பக்கம் புரட்டினாள். திடீரென்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, “கடவுள் கைவிடல” என்றாள். அவள் விரல் ‘ரப்பர் செருப்பு’ என்ற சொல்லின்மேல் இருந்தது.

“சீருடை விதிமீறல். கைப்பட எழுதின ஆதாரம். மெல்கி, நீதான் புகார்தாரர்.”

மெல்கியாதெஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் எங்க மேடம் புகார் பண்ணினேன்? அனுமதிச்சேன்னுல்ல எழுதியிருக்கேன்!”

“எழுதினாலே புகார்தான். பயப்படாதே. திங்கக்கிழமை வழக்கைத் திறந்து செவ்வாய்க்கிழமை மூடிடுவோம். கணக்குக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான். இந்த மாசம் படிப்பை முடிக்கற பொண்ணு, அவளுக்கு என்ன ஆகப்போகுது?”

திங்கட்கிழமை திறந்தார்கள். திறப்பது கல்லூரியின் உரிமை, மூடுவது மேற்பார்வை அலுவலகத்தின் உரிமை என்று விதிப்புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. அதுவரை நாற்பத்தேழாம் பக்கம் போனவர்கள் யாரும் இல்லை.

மூடுவதற்காக மேற்பார்வை இயக்குநர் அட்டர்னி லக்சமானா நேரில் வந்தாள். கல்லூரி அரங்கில் அவள் முகம் அச்சிட்ட பெரிய வரவேற்பு பேனர் கட்டினார்கள். ஜெபம் சொல்லி, தேசிய கீதம் பாடி, பன்சிட்டும் பிஸ்கோச்சோவும் பரிமாறி முடித்தபிறகு குற்றம்சாட்டப்பட்டவளைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் அட்டர்னி பேசினாள்.

“இங்க யாரும் பயப்படக் கூடாது. நாங்க தண்டிக்க வரல. தப்பு நடந்துச்சா இல்லையாங்கறதுகூட எங்களுக்கு முக்கியமில்ல. அதைக் கையாண்ட முறை சரியா இருந்துச்சான்னுதான் பார்ப்போம். போன மாசம் ஒரு கல்லூரியில நாலு பேர் சேர்ந்து ஒரு பையன் கையை உடைச்சிட்டாங்க. ஃபைலைப் பார்த்தேன். அடடா! பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, எல்லாம் மூணு பிரதி. ஒரே நாள்ல மூடிட்டேன். உடைஞ்சது வலது கை. அதனால அந்தப் பையனால மட்டும் கையெழுத்துப் போட முடியல. பெருவிரல் ரேகை வாங்கிக்கிட்டோம். எங்க அலுவலகத்துல மனிதாபிமானத்துக்குக் குறைவே கிடையாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மெல்கியாதெஸை எழுப்பி நிறுத்தினார்கள்.

“எத்தனை செருப்பு?”

“ஒரு ஜோடி, அட்டர்னி.”

“ஜோடின்னா ரெண்டு. எழுதிக்கோங்க, ரெண்டு குற்றச்சாட்டு. முழங்கால் வெள்ளம்னு போட்டிருக்கீங்க. யாரோட முழங்கால்?”

“என்னோடதுதான், அட்டர்னி. நான்தானே பார்த்தேன்.”

டேப் கொண்டுவரச் சொன்னாள். மெல்கியாதெஸின் பேன்ட்டைச் சுருட்டி அளந்தார்கள். ரோடலினையும் அளந்தார்கள். மூன்று விரற்கடை வித்தியாசம் வந்தது. அட்டர்னியின் புருவம் மேலே போயிற்று.

“மாணவி சொல்ற முழங்கால் வேற, புகார்தாரர் சொல்ற முழங்கால் வேற. வெள்ளத்தை நேரில் பார்க்காம நான் எப்படி முடிவு பண்றது? கிளம்புங்க, வாசலுக்கு.”

எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். தெரு காய்ந்து கிடந்தது. வெள்ளம் ஓடிய இடத்தில் ஒரு நாய் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அட்டர்னி அந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“வழக்கு அடுத்த வெள்ளத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

மறுபடி கைதட்டல். குழுவாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வந்த எல்லாருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘ஒழுக்க விசாரணையில் சிறப்பாகப் பங்கேற்றமைக்காக’ என்று ரோடலினுக்கும் ஒன்று, தங்க நிற ஓரத்தோடு.

“இதையே நன்னடத்தைச் சான்றிதழா வச்சுக்கலாமா, அட்டர்னி?” என்று அவள் கேட்டாள்.

“உன் மேல வழக்கு நிலுவையில இருக்கேம்மா” என்றாள் அட்டர்னி, கன்னத்தைத் தட்டி.

அன்று மாலைதான் ரோடலின் வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். “மனோங், நவம்பர்ல லைசென்ஸ் பரீட்சை. விண்ணப்பத்தோட நன்னடத்தைச் சான்றிதழ் வைக்கணும். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுல எனக்கு இடம் வச்சிருக்காங்க. நவம்பர்ல எழுதினாத்தான் அந்த இடம். இதை விட்டா அடுத்த பரீட்சை மே மாசம். அதுவரைக்கும் யாரு காத்திருப்பாங்க?”

இந்தப் பாவி கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று மெல்கியாதெஸ் அன்று ராத்திரி முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டார்.

வருஷா வருஷம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மூன்று வெள்ளம் வரும் ஊர் அது. அந்தச் செப்டம்பரில் வானம் துடைத்து வைத்த தட்டாக இருந்தது. நாலு சொட்டு விழுந்தால் மெல்கியாதெஸ் வாளியோடு தெருவுக்கு ஓடிப் பார்ப்பார். சாக்கடை வாயில் குப்பை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடும் பழக்கம் உள்ள மனுஷன், இப்போது தேங்காய் மட்டைகளைப் பொறுக்கி வந்து அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினார்.

“யாருக்காக?” என்று பாதிரியார் கேட்டார்.

“வெள்ளம் வரணும், ஃபாதர். பெருசா வேண்டாம். ஒரு முழங்கால் போதும்.”

பாதிரியார் இரண்டு மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் பிறந்தும் மழை இல்லை. மெல்கியாதெஸ் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை அலுவலகத்துக்கே போனார். இரண்டு மணி நேரம் காத்திருந்து அட்டர்னி முன் நின்றார்.

“அட்டர்னி, நான் எழுதினது பொய். அந்தப் பொண்ணு செருப்பே போடல. என்னைத் தண்டிச்சிடுங்க. அவளை விட்டுடுங்க.”

பத்தொன்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய். சொல்லும்போது காது சிவந்துவிட்டது. அட்டர்னியின் கண்கள் பளபளத்தன.

“அப்படின்னா மாணவி மேல பொய்ப் புகார்! அவ பாதிக்கப்பட்டவ ஆயிடறா! எங்க அலுவலகத்துக்குப் பாதிக்கப்பட்டவங்க யாருமே இதுவரை கிடைக்கல, தெரியுமா? உடனே படிவம் பன்னிரண்டு போடறேன். அவளோட எல்லா ஆவணங்களையும் அவ பாதுகாப்புக்காக முத்திரை போட்டு வச்சிடுவோம். ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தரும் தொட முடியாது.”

“நன்னடத்தைச் சான்றிதழ்?”

“அதையும் பத்திரமா பாதுகாப்போம்.”

“நான் எழுதினது நெசம்தான், அட்டர்னி! செருப்பு போட்டிருந்தா! ரெண்டு செருப்பும் போட்டிருந்தா!” என்று கத்திக்கொண்டே மெல்கியாதெஸ் வெளியே ஓடிவந்தார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஒரு பேனர் வந்தது. லைசென்ஸ் பரீட்சையில் தேறியவர்களின் முகங்களை வருஷா வருஷம் கல்லூரி வாசலில் பேனர் போட்டுக் கட்டுவார்கள். தன் முகமும் ஒரு நாள் அங்கே தொங்கும் என்று ரோடலின் முதல் வருஷத்திலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். தொங்கியது. அவள் முகம், பக்கத்தில் அதைவிடப் பெரிதாக அட்டர்னியின் முகம், கீழே கொட்டை எழுத்தில்: ‘மேற்பார்வையின் வெற்றி! நமது முன்மாதிரி குற்றம்சாட்டப்பட்டவர்!’ ஏணி போட்டு ஏறிக் கட்டியவர் மெல்கியாதெஸ். வேலை அது.

“அடியே ரோடலின், பரீட்சையே எழுதாம பேனர்ல வந்துட்டியே! எப்போ விருந்து?” என்று டிரைசிக்கிள்காரர்கள் கேலி செய்தார்கள்.

“வெள்ளம் வரட்டும், படகுல வச்சு விருந்து போடறேன்” என்று அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு காவல் அறைக்குள் வந்து, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதாள். மெல்கியாதெஸ் பேனாவை எடுத்தார். நேரத்தைக்கூட எழுதிவிட்டார். அப்புறம் அதை அப்படியே விட்டுவிட்டார்.

கடைசி வாரம், புதன்கிழமை, மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. தெருவில் இறங்கி நின்று மெல்கியாதெஸ் தன் முழங்காலைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. அந்த இடத்திலேயே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எதிர்வீட்டுக்காரி, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த எரிச்சலில், “ஆமா, இதுக்கு நன்றி வேற!” என்று துடைப்பத்தை வீசினாள்.

ரோடலின் காலையிலிருந்தே வாசலில் நின்றாள். விண்ணப்பம் பிளாஸ்டிக் உறைக்குள் தயார். வழக்கை மூடியதும் கொடுக்க டீன் நன்னடத்தைச் சான்றிதழையும் எழுதி வைத்திருந்தாள். தெரிந்த ஒரு டிரைசிக்கிள்காரர் வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்திருந்தார். லைசென்ஸ் அலுவலகம் இருபது நிமிஷத் தூரம்.

மூன்று மணிக்கு அட்டர்னி லக்சமானா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்து வந்தாள். பேன்ட் சுருட்டியிருந்தது. கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் ஷூ. காலில் ரோஜா நிற ரப்பர் செருப்பு. டீன் கபாலும் குடையோடு இறங்கி ஓடினாள்.

மெல்கியாதெஸ் பதிவேட்டைத் திறந்தார். பேனா காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றுவிட்டது.

“என்ன யோசனை?” என்றாள் அட்டர்னி.

“ஒண்ணுமில்ல, அட்டர்னி. உங்க பேரை மட்டும் எழுதிட்டா...”

“அதென்ன மட்டும்? நான் இயக்குநர்ங்கறதால சலுகையா? சட்டத்துக்கு முன்னாடி நானும் ஒண்ணு, இந்தப் பொண்ணும் ஒண்ணு. எப்பவும் எழுதற மாதிரி பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்க. இது உத்தரவு.”

அவர் எழுதினார்.

அளவு எடுத்தார்கள். குச்சியை நட்டு, டேப் பிடித்து, போட்டோ எடுத்து, மூன்று பிரதி எழுதினார்கள். மூன்றே முக்காலுக்கு அட்டர்னி நிமிர்ந்தாள். “முழங்கால்தான். சந்தேகத்துக்கு இடமில்ல. மாணவி நிரபராதி. ரெண்டு செருப்பிலிருந்தும் விடுவிக்கிறேன்.” ரோடலின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைசிக்கிள்காரர் வண்டியைக் கிளப்பினார். அட்டர்னி காவல் மேஜையில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“இன்னைக்கு லாக்புக் பக்கத்தோட நகல் இதுல சேர்க்கணும். காட்டுங்க.”

காட்டினார். அவள் படித்தாள். ‘மாலை 3.00. இயக்குநர் அட்டர்னி லக்சமானா. ரப்பர் செருப்பு, ரோஜா நிறம். வெளியே முழங்கால் வெள்ளம். ஷூ பையில். அனுமதித்தேன்.’

“என்னய்யா இது?”

“நீங்கதான் அட்டர்னி... பார்த்ததைப் பார்த்தபடி...”

டீன் கபாலும் தன்னையறியாமல், “எழுதினாலே புகார்தானே” என்று முணுமுணுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்லூரிக்குள் நுழையும் யாருக்கும் அந்தக் காலணி விதி உண்டு என்று அவளே போன மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள்.

அட்டர்னி நீளமாக மூச்சு விட்டாள். “அதே வாசல். அதே வெள்ளம். அதே குற்றச்சாட்டு. இப்போ நான் இந்தப் பொண்ணை விடுவிச்சா, தன்னைக் காப்பாத்திக்கத்தான் விடுவிச்சாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்ல மாட்டானா? என் நேர்மை என்ன ஆகறது?” ஃபைலில் எழுதினாள், மையால், அடிக்கோடு போட்டு: ‘விலகுகிறேன். மனிலாவுக்கு மாற்றுக.’

“பக்கத்தைக் கிழிச்சிடறேன், அட்டர்னி!” மெல்கியாதெஸ் பதிவேட்டைப் பிடித்தார்.

“கிழிச்சா அது ஆவணச் சிதைப்பு. அந்தப் பொண்ணு அதுக்குச் சாட்சி ஆயிடுவா. சாட்சியோட ஆவணத்துக்கும் முத்திரைதான், ரெண்டு வருஷம்.”

அவர் கையை எடுத்துவிட்டார். படியிறங்கித் தண்ணீரில் மண்டியிட்டார். வெள்ளம் இடுப்புவரை வந்தது. “அட்டர்னி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவ ஒரு தப்பும் பண்ணல. நான்தான் எழுதினேன். எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்.”

“எழுந்திருங்க, உடம்புக்கு ஆகாது” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு அட்டர்னி போனை எடுத்தாள். மனிலாவுக்குப் பேசினாள். எட்டாவது நிமிஷம் அவள் போனுக்கே ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. அரசு அதிகாரிகள் வெள்ளத்தின்போது செருப்பு அணிவது கடமையின் ஒரு பகுதி. இன்று முதல் அமல்.

“அப்பாடா, என்னோடது தீர்ந்துச்சு” என்றாள்.

“அப்போ இப்போ கையெழுத்துப் போடலாமே, அட்டர்னி?” ரோடலின் விண்ணப்ப உறையோடு முன்னால் வந்தாள். “மணி நாலு அஞ்சுதான் ஆகுது. போயிடலாம். நான் போயிடுவேன்.”

“விலகறேன்னு மையால எழுதிட்டேனேம்மா. எழுதினது எழுதினதுதான்.” அட்டர்னி அவள் கன்னத்தைத் தட்டினாள். “கவலைப்படாதே. உன் ஃபைல் மாதிரி அழகான ஃபைல் நாட்டுலயே இல்ல. மனிலாவுல பார்த்து அசந்துபோவாங்க.”

ரோஜா நிறச் செருப்பு சளக்சளக்கென்று தெருக்கோடிவரை கேட்டது. டீன் கபாலும் ஜெபமாலையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டிரைசிக்கிள்காரர் நாலே முக்கால்வரை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் அணைத்துவிட்டார்.

ரோடலின் படியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் பேனர் மழையில் படபடத்தது.

“மனோங்.”

“சொல்லும்மா.”

“அன்னைக்கு நான் வெறுங்காலோட வந்திருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. “வெறுங்கால்னு எழுதியிருப்பேன், இண்டாய்.”

அவள் தலையாட்டினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கொடுத்த துண்டால் காலைத் துடைத்து, மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். மெல்கியாதெஸ் அவள் முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய்விட்டு அழுததைப் பார்க்க வாசலில் யாரும் இல்லை.

ஆறு மணிக்குப் போன்சோ வந்தான். “மனோங், என்ன நனைஞ்சு போய் நிக்கறீங்க? என்ன ஆச்சு?”

மெல்கியாதெஸ் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். மணியை எழுதினார். துடைத்தும் ஈரம் போகாத கையில் பேனா வழுக்கியது. மறுபடி பிடித்து, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எழுதினார்:

‘மாலை 6.00. காவல் மாற்றம். விசேஷம் ஒன்றும் இல்லை.’